வரைபடத்தில் நிற்காத வீடு

மூன்றாம் நாள் காலையில் மேட்டுக்காரர்களை ஓர் அறையிலும் பள்ளத்துக்காரர்களை இன்னோர் அறையிலும் உட்காரவைத்து, நடுவிலிருந்த கதவைச் சாத்திவிட்டு வந்தாள் சின்னவள். வீட்டில்தான் அவள் சின்னவள். வெளியில் பயிற்சியாளர். ஓடையும் காடும் மேய்ச்சல் நிலமும் பொதுவாக இருக்கிற ஊர்களுக்குப் போய், அங்கே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிகிறவர்களை ஐந்து நாள் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, நிலத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். இந்த முறை வந்த ஊர் அவளுடைய அக்காவின் புகுந்த ஊராகப் போய்விட்டது. அதுதான் தலைவலி.

கிராமத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. சரிவின் மேலே ஆட்டுமந்தை வைத்திருப்பவர்கள். கீழே வயல் வைத்திருப்பவர்கள். ஆடுகள் புல்லை வேரோடு மேய்ந்துவிடுவதால் மண் கரைந்து வாய்க்காலில் இறங்குகிறது, சரிவை மூடு என்பது கீழ்ப்பக்கம். மூடினால் ஆட்டை உங்கள் கூடத்திலா கட்டுவது என்பது மேல்பக்கம். கீழ்ப்பக்கத்துக்குத் தலைவர் அத்தான். மேல்பக்கத்துக்குத் தலைவர் அத்தானின் சொந்தத் தம்பி. இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. தெருவில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் செருப்பில் கல் மாட்டிக்கொள்ளும்.

சரிவின் அடிவாரத்தில், இரண்டு பக்கத்துக்கும் நடுவில், தன்னந்தனியாக நின்றது அக்காவின் வீடு. பதினாறு வருடம் கூட்டுக்குடும்பத்தில் அடுத்தவர் அடுப்பில் பால் காய்ச்சிய அக்கா, அடம்பிடித்துக் கட்டிக்கொண்ட வீடு.

அன்றைய பயிற்சி எளிமையானது. ஓடையும் சாலையும் மட்டும் போட்ட கண்ணாடித்தாள் ஆளுக்கொன்று. ஊரை நினைவிலிருந்து வரைய வேண்டும். வீடு, கிணறு, பாதை, மேய்ச்சல், எல்லாம். பிறகு ஒரு தாளின் மேல் இன்னொன்றை வைத்தால், எங்கே கோடுகள் ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் சண்டை. வாயால் சொல்லாததைக் கோடு சொல்லிவிடும் என்பது அவள் அனுபவம்.

பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து இரண்டு தலைவர்களின் தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். மேய்ச்சல் எல்லை ஒத்துப்போகவில்லை. அது அவள் எதிர்பார்த்ததுதான். பாதைகள் ஒத்துப்போகவில்லை. அதுவும் சரி. ஆனால் இரண்டு தாளும் ஓரிடத்தில் அச்சாக ஒத்துப்போயிருந்தன. அடிவாரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெற்றிடம். ஜன்னல் வழியாக வெளியிலிருந்த பனிமூட்டம் அந்த இடத்தில் மட்டும் நேராக உள்ளே தெரிந்தது.

"அத்தான், உங்க வீட்டைக் காணோமே?" என்றாள்.

அறை முழுக்கச் சிரிப்பு. பால் அளக்கிற பால்காரம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். "வீட்டை மறந்தாரா, வீட்டுக்காரியை மறந்தாரா, கேட்டுச் சொல்லுங்க டீச்சரம்மா."

"போச்சு. இன்னைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு கிடையாது," என்று அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டார். மேல்பக்கத்துத் தம்பிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஆறு வருடத்தில் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரிப்பது அதுவே முதல் தடவையாக இருக்கும். சின்னவளுக்கு மனதுக்குள் சந்தோஷம். அத்தானிடம் பேனாவைக் கொடுத்தாள். அவர் ஒரு கட்டம் போட்டார். தாளைச் சரிபார்க்காமலே சுருட்டிவைத்துவிட்டு, விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது அக்கா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, சாலையோர மாட்டுக்கொட்டகை ஞாபகம் இருக்கு, பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணிட்டு நான் கட்டின வீடு ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

"கை மறந்துபோச்சு, மனசு மறக்கல."

"இந்தப் பேச்சுல மயங்கித்தாண்டி நான் கழுத்தை நீட்டினேன்," என்று தங்கையிடம் திரும்பினாள் அக்கா. "நீயாவது வாயாடாத ஆளாப் பாரு. அதுவும் சீக்கிரம் பாரு."

"ஆரம்பிச்சிட்டியா?"

சிரித்துக்கொண்டே அக்கா வாசல் கதவைச் சாத்தப் போனாள். கதவை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கி, தோளால் ஓர் இடி இடித்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. "ஈரத்துக்கு மரம் உப்பிப்போச்சு," என்றாள். மழை பெய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் மேட்டையும் பள்ளத்தையும் கலந்து உட்காரவைத்தாள். பயிற்சி நடந்தது கூட்டுறவுச் சங்கத்தின் பழைய தானியக் கிடங்கில். மேசை, நாற்காலியெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு, சிமெண்ட் தரை முழுக்கக் கலர் சாக்கட்டியால் ஒரே ஒரு பெரிய படம். இருபது பேர் மண்டியிட்டு வரைந்தார்கள். ஊரில் மொத்தம் நாற்பத்து மூன்று வீடு. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டையும், வராத அக்கம்பக்கத்தார் வீட்டையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வரைய வேண்டும் என்று விதி வைத்தாள். நேற்றைய கூத்து மறுபடி வேண்டாம்.

அத்தான் முறை வந்தபோது எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். பால்காரம்மா, "கண்ணாடியைப் போட்டுக்கங்க அண்ணே," என்றாள். அத்தான் நீலச் சாக்கட்டியை எடுத்து, அடிவாரத்துக்கு நகர்ந்து, குனிந்தார். "இதோ, என் வீடு. இது வாசல். இது அவ துணி காயப்போடற கொடி. போதுமா?" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சின்னவளும் தட்டினாள்.

படம் முடிந்ததும் வழக்கம்போல வீடுகளை எண்ணினாள். நாற்பத்து இரண்டு. மறுபடி எண்ணினாள். வாய்க்காலுக்கு மடை திறந்துவிடுகிற வாய்க்கால்காரரை எண்ணச் சொன்னாள். அவரும் நாற்பத்து இரண்டு என்றார்.

அடிவாரத்தில் சிமெண்ட் தரை துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் துடைத்த தடம் இல்லை. சாக்கட்டித் தூள்கூட இல்லை. சாலையிலிருந்து பிரிந்து வாசலுக்கு வர வேண்டிய ஒற்றையடிப் பாதை வெறுமையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"நான் வரைஞ்சேன்," என்றார் அத்தான். குரல் சின்னதாகிவிட்டது. "நீங்க எல்லாரும் பார்த்தீங்க."

பார்த்தோம் என்று இருபது பேரும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவும் இல்லை. வெளியே ஓர் ஆடு கத்தியது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் அந்தச் சத்தம் ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

சின்னவள் மெல்ல எழுந்து தன் பையைத் திறந்தாள். எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே ஊரைச் சுற்றி நடந்து, தன் நோட்டில் தனக்கென்று ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்வாள். அந்தப் படத்தை அவள் அக்கா வீட்டுக் கூடத்தில், அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் வரைந்தாள். வரைந்த அன்று அக்கா கொண்டுவைத்த தம்ளரின் வட்டக் கறை தாளின் மூலையில் இருந்தது. ஓடை இருந்தது. சங்கக் கட்டடம் இருந்தது. மாட்டுக்கொட்டகைகூட இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த வீடு இல்லை.

நோட்டை மூடிப் பைக்குள் போட்டு, பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். அக்கா இந்நேரம் தனியாக வீட்டில் இருப்பாள். பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள்.

தொழில் அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது. பதில் வராத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. கேள்வியை மாற்ற வேண்டும்.

"வீட்டை ஏன் வரையலைன்னு நான் இனிமேல் கேட்கல," என்றாள். "இந்த இடத்துக்குப் பக்கத்துல, இந்த ரெண்டு மாசத்துல, நீங்க கண்ணால பார்த்தது ஏதாவது இருந்தாச் சொல்லுங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

மேல்பக்கத்துக்காரர்கள் தம்பியைப் பார்த்தார்கள். கீழ்ப்பக்கத்துக்காரர்கள் வாய்க்கால்காரரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தெரியாமல் இல்லை, தெரிந்தே பொத்தி வைத்திருக்கிறார்கள்.

"என்ன சொன்னாலும் அதை வச்சு இந்த அறைக்குள்ள யாரும் யாரோட வழக்கும் பேசக்கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க." எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "அங்க இருக்கறது என் அக்கா."

தம்பிதான் முதலில் எழுந்தார். அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"சொன்னா மேய்ச்சலை மூடுன்னு ஆரம்பிப்பீங்கன்னுதான் சொல்லல. அண்ணி வீட்டுக்கு நேர் மேல மண்ணுல ஒரு வெடிப்பு இருக்கு. முதல்ல விரல் போற அளவு. இப்போ என் கம்பு பாதி இறங்குது. ஆடுங்க அதைத் தாண்ட மாட்டேங்குது. அடிச்சாலும் வந்த வழியே திரும்புது."

வாய்க்கால்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வாய்க்கா வெட்டினதாலதான் எல்லாம்னு இவங்க சொல்வாங்களேன்னு நானும் வாயைத் திறக்கல. மேல் மடையில விடற தண்ணி கீழ் மடைக்கு முழுசா வரல. நடுவுல எங்கயோ மண்ணுக்குள்ள இறங்குது. அந்த வீட்டுக்கு மேலதான்."

"அக்கா வீட்டு வாசல்ல பால் பாத்திரத்தை வச்சா நிக்க மாட்டேங்குது," என்றாள் பால்காரம்மா. "தானா ஓரத்துக்கு நகருது. எனக்குத்தான் தலை சுத்துதுன்னு நினைச்சு மாத்திரை சாப்பிட்டேன்."

அத்தான் கடைசியாகப் பேசினார். "கதவு மூடல." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவரால்.

ஆளுக்கொரு துண்டு. இரண்டு மாதமாகத் தனித்தனிச் சட்டைப்பையில் இருந்த துண்டுகள். சேர்த்து வைத்ததும், சரிவு மொத்தமாக அந்த வீட்டின் மேல் சாய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஆனால் அதைவிட இன்னொன்றுதான் சின்னவளை நடுங்கவைத்தது. இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள், மனதில் பயம் இருந்தது, கை தயங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு நாளுக்கு முன் வந்து இறங்கிய அவளுடைய கைக்கு யார் சொன்னது?

இருபது பேரும் வெயிலில் நடந்து போனார்கள். அக்கா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும், "என்ன, பயிற்சி முடிஞ்சு விருந்துக்கு வந்தீங்களா? இத்தனை பேருக்குத் தட்டு இல்லையே என்கிட்ட," என்றாள். பிறகு கூட்டத்தில் கொழுந்தனாரைப் பார்த்தாள். கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "நீங்களுமா?"

"அண்ணி, வீட்டை விட்டு வெளியே வாங்க. இன்னைக்கே."

விஷயத்தைச் சொன்னார்கள். அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"எனக்கு இதை விட்டா வேற போக்கிடம் இல்லைன்னு தெரிஞ்சும் வந்து சொல்றீங்க பாரு. திரும்பக் கூட்டுக்குடும்பத்துக்குப் போய் யார் அடுப்பு எப்போ காலியாகும்னு நிக்கணுமா நான்? வெடிப்பு இருந்தா மண்ணைப் போட்டு மூடுங்க. கதவு மூடலைன்னா தச்சனைக் கூப்பிடுங்க."

"படம் வரைஞ்சா இந்த வீடு அதுல வரவே மாட்டேங்குது அக்கா. நாலு தடவை ஆச்சு."

"ஏண்டி, நீ படிச்சவதானே? படத்துல இல்லைன்னா வீடு இல்லைன்னு ஆயிடுமா? இதோ கல்லு மாதிரி நிக்குது."

"அப்போ நீயே வரை." சின்னவள் பையிலிருந்த வெள்ளைச் சாக்கட்டியை நீட்டினாள். "நீ வரைஞ்சு வீடு வந்துடுச்சுன்னா நாங்க எல்லாரும் திரும்பிப் போயிடறோம். இனி இதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அக்கா வெடுக்கென்று வாங்கினாள். புடவையைச் செருகிக்கொண்டு முற்றத்துச் சிமெண்ட் தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்தாள். முதலில் சாலை. சாக்கட்டி தரையில் உரசி வெள்ளைக் கோடு நீண்டது. பிறகு ஓடை. பிறகு சாலையோர மாட்டுக்கொட்டகை. "இப்போ பாருங்க," என்றாள். "இது கூடம். இங்க ஜன்னல், காலைல வெயில் நேரா என் கால்ல விழும். இது சமையலறை. மேடை என் இடுப்பு உயரத்துக்கு அளந்து போட்டது. இது நாங்க படுக்கற அறை. இது சின்னவ வந்தா படுக்கற அறை."

அக்காவின் கை அழகாக, நிதானமாகச் சுவர்களைப் போட்டது, மூலை திரும்பியது, வாசலுக்கு இடம்விட்டது. சாக்கட்டியின் நுனி தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

அத்தான் அவள் பக்கத்தில் மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். "கொஞ்சம் கீழே பாரும்மா," என்றார்.

அக்கா பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சாக்கட்டியைத் தரையில் அழுத்த முயன்றாள். கை இறங்கியது, தரைக்கு மேலே நின்றுவிட்டது. இன்னொரு கையால் அதைப் பிடித்து அழுத்தினாள். மேலே சரிவில் எங்கோ ஒரு சின்னக் கல் உருண்டு, உருண்டு, கொல்லைப்புறத்துச் சுவரில் மோதி நின்றது.

அக்கா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சமையல் பாத்திரம் முதல்ல," என்றாள். "மேல் அலமாரியில இருக்கறது கண்ணாடி. பார்த்து எடுங்க. உடைச்சீங்க, அப்புறம் தெரியும்."

மேட்டுக்காரரும் பள்ளத்துக்காரரும் வாசலிலிருந்து சாலைவரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் சாமான்களை இறக்கினார்கள். கட்டிலின் ஒரு முனையை அத்தான் பிடித்தார். மறுமுனையை யார் பிடித்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. சாலைக்கு வந்து இறக்கியபோதுதான் நிமிர்ந்தார்.

"எங்க வீட்டு முன்னறை காலியா இருக்கு," என்றார் தம்பி. "ஆட்டு வாசனை கொஞ்சம் இருக்கும்."

"உன்கிட்ட எப்பவும் இருந்ததுதானே," என்றார் அத்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மழையில்லாத, காற்றுகூட இல்லாத வெயிலில், சரிவு இறங்கியது. இடிமுழக்கம்போல் சத்தம் கேட்டது என்று பிறகு சிலர் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. சங்கக் கட்டடத்து வாசலில் நின்று சின்னவள் பார்த்தாள். தூங்குகிறவர் போர்வையை இழுத்துக்கொள்வதுபோலப் புல்வெளி மொத்தமாக மெல்ல நகர்ந்து வந்தது. வீடு எதிர்க்கவில்லை. கூரை ஒரு பக்கம் சாய்ந்து, மடங்கி, உள்ளே போயிற்று. அதன்மேல் புல் வந்து சேர்ந்தது. தூசி அடங்கியபோது அடிவாரம் கிடங்குத் தரையில் பார்த்ததுபோலவே வெறுமையாக இருந்தது.

அக்கா அழவில்லை. அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜன்னல் திரையைக் கழட்டாம விட்டுட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, இரண்டு பக்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தை எழுதி முடிக்கச் சின்னவள் திரும்ப வந்தாள். வேலை ஏறக்குறைய தானாகவே நடந்திருந்தது. வெடிப்புக்கு மேலே மூன்று வருடம் மேய்ச்சல் கிடையாது. அதற்குப் பதிலாகக் கீழ்ப்பக்கத்து அறுவடை முடிந்த வயல்களில் ஆடுகள் இறங்கலாம். மேலும் கீழும் இரண்டு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை சரிவைச் சுற்றிவர வேண்டும். யார் எதைப் பார்த்தாலும் அன்றே சொல்ல வேண்டும். சொன்னதை வைத்து வழக்குப் பேசக்கூடாது. அண்ணனுக்குத் தம்பி தன் வீட்டை ஒட்டியே மனை ஒதுக்கியிருந்தார். அதையும் சேர்த்துப் புதுப் படம் ஒன்று வரைய வேண்டியிருந்தது. அதுதான் பாக்கி.

தரையில் சாக்கட்டிகளைப் பரப்பினாள். யாரும் எடுக்கவில்லை. இருபது பேரும் சுவரோரம் நின்றுகொண்டு அவற்றைத் தேள் மாதிரி பார்த்தார்கள். நியாயமாக அவள்தான் முதல் கோட்டைப் போட்டு ஆரம்பித்துவைக்க வேண்டும். அவளுக்கும் கை வரவில்லை. யார் வீட்டை விட்டுவிடுமோ இந்தக் கை?

"நகருங்க," என்று அக்காதான் உள்ளே வந்தாள்.

உட்கார்ந்து, நீலத்தை எடுத்து, கொழுந்தனார் வீட்டை ஒட்டிக் குனிந்தாள். சாக்கட்டி தரையில் பட்டுக் கிறீச்சிட்டது. அந்தக் கிறீச்சைக் கேட்டு அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள்.

எண்ணினார்கள். நாற்பத்து மூன்று. மூன்று முறை எண்ணினார்கள். மூன்று முறையும் நாற்பத்து மூன்று.

"ஆமா, பால்காரம்மா வீட்டைக் காணோமே?" என்றார் தம்பி.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பால்காரம்மா முகம் வெளுத்து, முழங்காலால் நகர்ந்துபோய்த் தன் வீட்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. அவளைப் பார்த்து வாய்க்கால்காரரும் தன் வீட்டின்மேல் விரலை வைத்தார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட தம்பியும் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் மேட்டுக்காரர், பள்ளத்துக்காரர் எல்லோரும் தரையில் குந்தி, ஆளுக்கொரு விரலை அவரவர் வீட்டின்மேல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் வராத வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்தவர் இன்னொரு கையைக் கொடுத்தார்.

"நீ படிம்மா," என்றார் அத்தான், விரலை எடுக்காமலேயே. "நாங்க கேட்டுட்டிருக்கோம்."

சின்னவள் ஒப்பந்தத்தை விரித்தாள். அக்கா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, அவளுடைய இடது கையை எடுத்துத் தன் விரலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். அந்த அழுத்தம் தளரவே இல்லை. சின்னவள் வலது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தாள்.